லிஃப்ட்காரருக்குக் கறுப்பு

காஜா மைதீனின் வேலை லிஃப்ட் ஓட்டுவது. லிஃப்டின் வேலை நிற்பது. பத்தொன்பது வருடமாக இருவரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்துவந்தார்கள்.

யாங்கோனின் நடுவில், துறைமுகச் சங்கு காதில் விழும் தூரத்தில் இருந்தது அந்த எட்டு மாடிக் கட்டடம். கட்டியபோது பச்சை நிறம். இப்போது மழைக்கு என்ன நிறம் பிடிக்கிறதோ அந்த நிறம். மின்சாரம் நாலு மணி நேரம் வரும், எட்டு மணி நேரம் போகும் என்று ஒரு அட்டவணை உண்டு. அந்த அட்டவணையை மின்சாரத்துக்கு யாரும் படித்துக் காட்டவில்லை போலும், அது தன் இஷ்டத்துக்கு வந்து போனது. வந்தால் காஜா இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பி, ஆட்களை மேலே ஏற்றுவார். போனால், தரைத்தளத்தில் நிற்கும் லிஃப்டுக்குள்ளேயே ஸ்டூலைப் போட்டு, மடியில் செஸ் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கட்டடத்திலேயே காற்று வருகிற இடம் அதுதான். எட்டு மாடி உயரத்துக் குழாய் அல்லவா, மேலேயிருந்து குளுகுளுவென்று இறங்கும். எட்டாம் மாடியில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதும் கூடவே இறங்கும்.

வயது ஐம்பத்து நாலு. ஒல்லி உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத பெரிய மீசை. அடையாள அட்டையில் 'தான் ஸோ' என்று பர்மியப் பெயர், பள்ளிவாசல் பதிவில் காஜா மைதீன், கட்டடத்தில் 'லிஃப்ட்'. "லிஃப்ட் எங்கே போச்சு?" என்று யாராவது கேட்டால் அவரைத்தான் தேடுகிறார்கள், இரும்புப் பெட்டி எங்கேயும் போகாது. அலோன் கிடங்கில் மூட்டை எண்ணினார், பஸ்ஸில் கண்டக்டராகத் தொங்கினார், ஒரு மாதம் கருவாட்டுக் கம்பெனியில் இருந்துவிட்டு, மனைவி ஜைனப் வீட்டுக்குள் விடமாட்டேன் என்றதால் அதையும் விட்டார். கடைசியில் இந்த ஸ்டூல் கிடைத்தது. கூடவே மாடிப்படிக்குக் கீழே ஒரு அறையும். அறையில் நிமிர்ந்து நிற்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. அதில் ஜைனப் நிற்பாள்.

செஸ் வந்த கதை வெற்றிலைக் கடையில் தொடங்குகிறது. பதினொரு வருடத்துக்கு முன்னால், தெருமுனை வெற்றிலைக்காரர் பீடாவை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். காகிதத்தில் செஸ் கட்டம். காஜா நின்று பார்த்தார். கடைக்காரர் கையில் ஒரு இங்கிலீஷ் புத்தகம், அட்டையில்லாமல், பாதி கிழிந்து. நூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஏற்கெனவே அக்கம்பக்கத்தார் வாய்க்குள் போய்விட்டிருந்தது. மிச்சத்தை இரண்டு பீடாவுக்கான காசைக் கூடக் கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தார். அதிலும் பாதியை அடுத்த மழையில் லிஃப்ட் குழியில் தேங்கிய தண்ணீர் கூழாக்கிவிட்டது. தேறியது நாற்பத்தேழு பக்கம்.

அந்த நாற்பத்தேழு பக்கமும் ஒரே விஷயம். கறுப்புக் காய்க்காரர் ஆடவேண்டிய ஒரு பைத்தியக்காரத் தற்காப்பு. வெள்ளைக் காய்க்காரர் மந்திரியையும் குதிரையையும் கொண்டுவந்து, கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயைக் குறிவைப்பார். நியாயமான மனிதர் அந்தச் சிப்பாயைக் காப்பாற்றுவார். இந்தப் புத்தகம், அதை அப்படியே விட்டுவிடு என்றது. திருடன் வாசலில் நிற்கும்போது, அவன் வீட்டுக்குத் தீ வைக்கக் கிளம்பிவிடு என்றது. காஜாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எழுத்தும் எண்ணும் தெரியும். அது போதும். ஒவ்வொரு பக்கத்தையும் ஓதுகிற மாதிரி மனப்பாடம் செய்தார். ஒரு பக்கத்தில் மட்டும் கடைசிப் படத்தின் மேல் வெற்றிலைச் சாறு கொட்டிச் செக்கச்செவேலென்று கறை. கறைக்கு அடியில் என்ன இருந்தது என்பது அவருக்கும் தெரியாது, வெற்றிலைக்காரருக்கும் தெரியாது.

விளைவு விபரீதமாக இருந்தது. கறுப்பை எடுத்தால் காஜா புலி. வெள்ளையை எடுத்தால், எதை முதலில் நகர்த்துவது என்றே தெரியாது. வெள்ளையின் சங்கதிகளெல்லாம் அந்த நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தோடு போய்விட்டன. ஆரம்பத்தில் நாலாம் மாடிப் பல் டாக்டரிடம் வெள்ளையில் தோற்றார். நூடுல்ஸ் விற்கிற பெண்ணிடம் தோற்றார். மீட்டர் படிக்க வந்த ஆளிடம் தோற்றார். அந்த ஆளுக்குக் குதிரை எப்படிப் போகும் என்றே இவர்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அன்றிலிருந்து காஜா மரியாதையைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளை நீங்க எடுத்துக்குங்க."

"அட, நீங்க எடுங்க."

"ஐயோ, எனக்கு ஆனாடெயா இருக்கு. நீங்க எடுத்தாத்தான் ஆடுவேன்."

ஆனாடெ என்பது பர்மாவில் பிறந்தவர்களுக்குப் பால்குடியோடு வருகிற கூச்சம்: அடுத்தவரைச் சங்கடப்படுத்திவிடுவோமோ என்று உடம்பே சுருங்குவது. அதைச் சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். ஆகவே பதினொரு வருடமாக எல்லோரும் காஜாவுக்கு எதிரே வெள்ளையை எடுத்தார்கள், தோற்றார்கள், "எவ்வளவு தன்மையான மனுசன்" என்று சொல்லிக்கொண்டே படியேறினார்கள். உண்மை ஜைனப்புக்கு மட்டும் தெரியும்.

இந்த நிம்மதியைக் கெடுத்தவர் ஆறாம் மாடி உதயசூரியன். குழாயும் கக்கூஸ் பீங்கானும் விற்கிற பெரிய கடை அவருடையது. ஊரில் பாதிப் பேர் காலையில் தன் பீங்கானில்தான் உட்காருகிறார்கள் என்பதால், மிச்ச நேரமும் தனக்குக் கீழேயே இருக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு எண்ணம். கட்டடக் கமிட்டிக்குத் தலைவர். எல்லோரும் பர்மிய வழக்கப்படி 'ஒக்கட்டா' என்பார்கள். தமிழ்ச் சங்கத்துச் செஸ் கோப்பையை மூன்று வருடம் தொடர்ந்து வாங்கியவர். அந்தக் கோப்பைகள் அவர் கடையில், மாதிரிக்கு வைத்த மூன்று பீங்கான்களுக்கு மேலே ஆளுக்கொன்றாக நின்றன.

நவம்பரில் ஒக்கட்டா சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார். லிஃப்டில் பட்டன் வைக்கப்படும். ஆட்கள் தாங்களே அமுக்கிக்கொள்வார்கள். டிசம்பர் கடைசியோடு லிஃப்ட்காரர் வேலை முடிகிறது. மாடிப்படி அறையில் ஜெனரேட்டர் வைக்கப்படும்.

ஜைனப் கையில் துடைப்பத்தோடு அறிவிப்பை இரண்டு முறை படித்தாள். இந்த வீட்டை விட்டால் ஆற்றுக்கு அக்கரை, டாலாவில் அவள் தம்பி வீடுதான். அங்கே ஏற்கெனவே ஒன்பது பேர், ஒரு சைக்கிள் ரிக்‌ஷா, நாலு வாத்து. தம்பி நல்லவன்தான். தம்பி மனைவிக்கும் வாத்துக்கும்தான் ஜைனப்பைக் கண்டால் ஆகாது.

"மச்சான், போய்க் கேளுங்க."

"என்னன்னு கேக்குறது புள்ளே? ஆனாடெயா இருக்கு."

"வெள்ளைக்குச் சொல்ற ஆனாடெ வேற, இது வேற. எந்திரிங்க."

காஜா போனார். ஒக்கட்டா டீக்கடையில், கட்டடத்து ஆட்கள் ஆறு பேரோடு, லஃபெயே என்கிற பால் டீ குடித்துக்கொண்டிருந்தார். காஜா வேலையைப் பற்றிப் பேச வாயெடுத்தார். கூச்சத்தில் வாய் வேறு பக்கம் திரும்பி, "இந்த வருசம் சங்கத்துப் போட்டில நானும் பேர் கொடுத்திருக்கேங்க" என்று சொல்லிவிட்டது. உண்மையில் கொடுக்கவில்லை. பிறகுதான் ஓடிப்போய்க் கொடுத்தார்.

ஒக்கட்டாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "லிஃப்டுக்குள்ள ஆடுற ஆட்டம் இல்லப்பா அது. கடிகாரம் வச்சு ஆடணும்."

"தெரியுங்க."

"சரி, ஒண்ணு சொல்றேன். போட்டில என்னை ஜெயிச்சுக் காட்டு. அந்த ஸ்டூல் உனக்கு. ரூமும் உனக்கு. லிஃப்ட் இத்துப்போய்க் கீழ விழுற வரைக்கும் நீதான் லிஃப்ட்காரன். என்னப்பா, எல்லாரும் கேட்டுக்குங்க!"

ஆறு பேரும் கேட்டுக்கொண்டார்கள். பல் டாக்டர் அதைக் கைப்பேசியில் வேறு பிடித்துக்கொண்டார்.

டிசம்பரில் போட்டி. பதினாறு பேர், தோற்றவர் வெளியே. முதல் சுற்றில் காஜாவின் எதிரி பெட்ரோல் வரிசையில் நின்றவர் நின்றபடியே இருந்துவிட்டார், வரவில்லை. இரண்டாம் சுற்றில் மிங்கலாடோனிலிருந்து வந்த ஒருவர், "ஆனாடெ" என்ற சொல்லைக் கேட்டதும் வெள்ளையை எடுத்து, முக்கால் மணியில் வீடு திரும்பினார். அரையிறுதியில் இரும்புக்கடை ஷம்சுதீன். அவரும் மரியாதைக்குக் கட்டுப்பட்டார், அவரும் போனார். மறுபாதியில் ஒக்கட்டா எல்லோரையும் தன் மந்திரியையும் குதிரையையும் கொண்டே சாய்த்து முன்னேறினார். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு இறுதி ஆட்டம் என்று சங்கத்துக் கரும்பலகையில் எழுதினார்கள்.

சனிக்கிழமை காலை ஜைனப் ஒரு கறுப்புக் குடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மழையே இல்லையே புள்ளே, எதுக்கு?"

"வெயிலுக்கு. நீங்க உங்க நாப்பத்தேழு பக்கத்தைப் பாருங்க."

அந்தக் குடைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அது ஒக்கட்டாவின் குடை. ஒக்கட்டா யாருக்கும் பயப்படமாட்டார், தன் சோதிடரைத் தவிர. சோதிடர் ஒரு பர்மியப் பெரியவர். செவ்வாய்க்கிழமை பிறந்த இவருக்கு, வருகிற தண்ணீர்த் திருவிழா வரை சனிக்கிழமைகளில் கறுப்பு ஆகாது என்று சொல்லியிருந்தார். சனியும் கறுப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இந்துவான உதயசூரியனுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கறுப்புச் செருப்பு போயிற்று. எள்ளுருண்டை போயிற்று. கட்டடத்துக் கறுப்புப் பூனையைக் கூடையில் போட்டு, படகில் டாலாவுக்கு அனுப்பினார். அது நாலாம் நாள் அடுத்த படகில் திரும்பி வந்தது. கறுப்புக் குடையை அவர் மனைவி வேலம்மா, துணி துவைக்க வருகிற ஜைனப்புக்குக் கொடுத்துவிட்டாள்.

மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், பின்னால் சமோசா. நடுவர் ரத்தினம்மாள் ஸயாமா; ஸயாமா என்றால் பர்மியத்தில் டீச்சர். முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், மண்டபத்தில் பாதிப் பேரின் காதைத் திருகியவர். கறுப்பு ஒன்று வெள்ளை ஒன்றாக இரண்டு சிப்பாயை முதுகுக்குப் பின்னால் கைமாற்றி, இரண்டு முஷ்டியையும் நீட்டினார்.

காஜா முந்திக்கொண்டார். "எதுக்கு ஸயாமா சிரமம்? வெள்ளை ஒக்கட்டாவே எடுத்துக்கட்டும். எனக்கு ஆனாடெயா இருக்கு."

வழக்கமாக விஷயம் இங்கே முடிந்துவிடும். ஆனால் ஒக்கட்டா நாற்பது பேரைப் பார்த்தார். நாற்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்குள் ஒரு பெருந்தன்மை பொங்கிவிட்டது.

"சே சே! லிஃப்ட்காரர் மொத தடவையா ஃபைனலுக்கு வந்திருக்காரு. வெள்ளை அவருக்குத்தான். எனக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான்."

கைதட்டல். காஜா பலகையைவிட்டு இரண்டு எட்டு பின்வாங்கினார்.

"பெரியவங்க இருக்கும்போது நான் எப்படிங்க..."

"பெரியவன் நான்தானே சொல்றேன். எடு."

"மூணு கோப்பை வாங்கினவங்க நீங்க."

"அதனாலதான் கொடுக்கிறேன்."

"எனக்குப் பாவம் வந்து சேருமுங்க."

"அந்தப் பாவம் எனக்கு வரட்டும். உக்காரு!"

கூட்டம் உருகியது. ஷம்சுதீன் மூக்கைச் சிந்தினார். "இந்தக் காலத்துல இப்படி மரியாதை எங்க பாக்க முடியும்" என்று யாரோ சொன்னார்கள். ஸயாமா கடிகாரத்தைத் தட்டினார்.

"ரெண்டு பேரும் இப்படியே மரியாதை பண்ணிட்டிருந்தா சாயங்காலம் மஃரிபு பாங்கே சொல்லிருவாங்க. ஒக்கட்டா சொல்லிட்டாரு. காஜா, வெள்ளைப் பக்கம் உக்காரு."

காஜா உட்கார்ந்தார். பதினாறு வெள்ளைக் காய்களும் 'சொல்லுங்க, இப்ப என்ன?' என்று அவரைப் பார்த்தன. அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. டாலாவும் நாலு வாத்தும்தான் தோன்றின. எதிரே ஒக்கட்டா கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கறுப்புக் காய்களின் பக்கம் அமர்ந்து, கோணலாக நின்ற ஒன்றைச் சரிசெய்யக் கையை நீட்டினார்.

பெண்கள் பக்கத்தில் 'பட்'டென்று ஒரு சத்தம். ஜைனப் குடையை விரித்திருந்தாள்.

"ஏண்டி, இது எங்க வீட்டுக் குடை இல்லே?" என்றாள் பக்கத்தில் இருந்த வேலம்மா.

"ஆமாங்க்கா. நீங்க கொடுத்ததுதான்."

"உள்ளுக்குள்ள எதுக்கு விரிக்கிறே?"

"கம்பி சரியா இருக்கான்னு பாத்தேங்க்கா. இன்னைக்கு சனிக்கெழம, வீட்டுல சும்மாதானே கெடக்குதுன்னு எடுத்தாந்தேன்."

வேலம்மா குடையைப் பார்த்தாள். பிறகு கணவரின் கையைப் பார்த்தாள். அந்தக் கை ஒரு கறுப்பு யானைக்கு இரண்டு அங்குலம் மேலே மிதந்துகொண்டிருந்தது.

"ஏங்க! சனிக்கெழமங்க! கைய எடுங்க!"

ஒக்கட்டாவின் கை கொதிக்கிற சட்டியைத் தொட்டதுபோலத் திரும்பி வந்தது. முகம் முதலில் சிவந்து, பிறகு வெளுத்தது. நாற்பது பேரும் காத்திருந்தார்கள். அவர் ஸயாமாவிடம் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"தொட்டுட்டேனா?"

"இன்னும் தொடல."

ஒக்கட்டா தொண்டையைச் செருமினார். "யோசிச்சுப் பாத்தேன். காஜா பாவம் இவ்வளவு தூரம் கெஞ்சுறான். சின்னவங்க ஆசையா ஒண்ணு கேட்டு, அதை மறுக்கிறது பெரிய மனுசனுக்கு அழகில்ல. வெள்ளையை நானே எடுத்துக்குறேன்."

மறுபடி கைதட்டல். காஜா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. இடம் மாறி உட்கார்ந்ததும் ஜைனப்பைப் பார்த்தார். அவள் குடையை மடக்கி, சமோசா தின்றுகொண்டிருந்தாள்.

ஸயாமா கடிகாரத்தை அமுக்கினார்.

ஒக்கட்டா தன் வழக்கப்படியே வந்தார். ராஜா முன்னால் நின்ற சிப்பாய், குதிரை, மந்திரி. காஜாவும் புத்தகப்படியே பதில் சொன்னார். நாலாவது நகர்த்தலில் ஒக்கட்டாவின் குதிரை பாய்ந்து வந்து, மந்திரியோடு சேர்ந்து அந்தச் சிப்பாயின் மேல் கண் வைத்தது. ஒக்கட்டா சாய்ந்து உட்கார்ந்தார். இந்த இடத்தில் எதிரிகள் வியர்ப்பார்கள். அதைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கும்.

காஜா வியர்க்கவில்லை. வாசலில் நின்ற திருடனை அப்படியே விட்டுவிட்டு, தன் மந்திரியைப் பலகையின் அந்தக் கோடிக்குக் குறி பார்க்கும் இடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

"பாத்தியா இல்லையா?" என்றார் ஒக்கட்டா, இரக்கத்தோடு.

"பாத்தேங்க."

"பேசக் கூடாது" என்றார் ஸயாமா.

ஒக்கட்டாவின் குதிரை சிப்பாயைத் தின்று, வீட்டுக்குள் நுழைந்தது. ஒரு பக்கம் காஜாவின் ராணி, ஒரு பக்கம் யானை. இரண்டில் ஒன்று அதற்கு நிச்சயம். பின்வரிசையில் யாரோ 'ச்சொ ச்சொ' கொட்டினார்கள். காஜா இரண்டையும் திரும்பிப் பார்க்கவில்லை. மந்திரியை எடுத்து, ஒக்கட்டாவின் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாயை அடித்து, ராஜாவின் மடியிலேயே உட்கார்த்திவிட்டார்.

"செக்."

இலவச மந்திரி. ஒக்கட்டா இலவசமாக வந்த எதையும் வாழ்நாளில் திருப்பி அனுப்பியதில்லை. ராஜாவாலேயே அடித்தார். ராஜா இப்போது முதல் மாடியில் இருந்தார்.

காஜாவின் குதிரை நடுவே நின்ற வெள்ளைச் சிப்பாயைத் தின்று, மறுபடி செக். அந்தக் குதிரைக்குக் காவல் இல்லை. ஒக்கட்டாவுக்கு அதையும் விட மனசில்லை. ராஜாவைப் பின்னால் இழுக்காமல், குதிரையை விரட்டிக்கொண்டு முன்னால் ஏற்றினார். இரண்டாம் மாடி. காஜா ராணியைப் பலகையின் ஓரத்துக்கு நீட்டினார். அங்கிருந்தே அது குதிரைக்குக் காவல் நின்றது. குதிரை இல்லையா, சரி, மூலையில் யானை இருக்கிறதே என்று ஒக்கட்டா யானையைத் தின்றார். தின்ற கறுப்புக் காய்களைக் கைபடாமல் கைக்குட்டையால் எடுத்து வரிசையாக அடுக்கி வைத்தார். பீங்கான் கடை மாதிரியே இருந்தது.

இங்கேதான் காஜா காயைத் தொடாமல் பலகையின் மேல் குனிந்தார். இந்தப் படம் அவருக்குத் தெரியும். நூற்று முப்பத்தொன்றாம் பக்கம். இதற்கு அடுத்த படத்தின் மேல்தான் வெற்றிலைச் சாறு. பதினொரு வருடத்தில் எந்த எதிரியும் இவ்வளவு பேராசையாக இவ்வளவு தூரம் ஏறி வந்ததில்லை, ஆகவே கறைக்கு அடியில் என்ன என்று தெரிந்துகொள்ளும் அவசியமும் வந்ததில்லை. ஒரு யானையும் ஒரு மந்திரியும் போய்விட்டன. இன்னும் இரண்டு நகர்த்தல் தவறினால் அவ்வளவுதான். வாத்துகளுக்கு நடுவே பாய் விரிக்க வேண்டியதுதான்.

கடிகாரம் டிக் டிக் என்றது. காஜா பலகையைப் பார்த்தார். கட்டம் கட்டமாகப் பார்க்க முயன்றார், வரவில்லை. பிறகு அது பலகையாகத் தெரியாமல் லிஃப்டாகத் தெரிந்தது. கனத்த ஆள் ஒருவர் இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறார். பத்தொன்பது வருடத்தில் எத்தனை பேரை அப்படிப் பார்த்தாயிற்று! மாட்டியவர் முதலில் மேல் கதவைத் தட்டுவார். அது திறக்காது என்றால் பக்கத்தில் ஒதுங்குவார். அதுவும் முடியாது என்றால் கீழே குதிக்கப் பார்ப்பார். எல்லோரும் அதே வரிசையில்தான் செய்வார்கள். டாக்டரானாலும் சரி, போலீஸ்காரரானாலும் சரி. எனவே மேல் கதவில் ஒரு ஆள் வேண்டும். பக்கத்தில் ஒதுங்கினால் அங்கே ஒரு ஆள். கீழே இறங்கினால், இறங்குகிற இடத்தில் கையை நீட்டிக்கொண்டு ஒரு ஆள்.

ராணியை ராஜாவின் முகத்துக்கு எதிரே கொண்டுவந்து வைத்தார். செக். ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு ஒதுங்கினார்.

வீட்டில் நின்ற இன்னொரு குதிரை முன்னால் தாவியது. செக். ஒக்கட்டா மேலே பார்த்தார், சிப்பாய் காவல். பக்கத்தில் பார்த்தார், குதிரை காவல். கீழே ஒரே ஒரு கட்டம் திறந்திருந்தது. இறங்கினார்.

காஜா ராணியைப் பின்னாலேயே இறக்கி, ராஜாவின் தோளோடு தோள் ஒட்டி நிறுத்தினார். அதைத் தொட ராஜாவுக்கு வழியில்லை. நடுவில் நின்ற குதிரை காவல்.

"மேட்டுங்க" என்றார், மெதுவாக, ஆனாடெயோடு.

பத்தாவது நகர்த்தல். ஷம்சுதீனின் சமோசா பாதி வழியில் நின்றது. ஒக்கட்டா பலகையைப் பார்த்தார். பிறகு தான் அடுக்கி வைத்த காய்களைப் பார்த்தார்.

"என்கிட்ட யானை ஜாஸ்தி இருக்கு."

"இருக்குங்க."

"மந்திரி ஜாஸ்தி இருக்கு."

"அதுவும் இருக்குங்க."

"அப்புறம் எப்படி?"

"ராஜா மாட்டிக்கிட்டாருங்களே, மாடிக்கு நடுவுல."

ஸயாமா கறுப்புக்கு வெற்றி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பல் டாக்டர் கைப்பேசியை எடுத்து, டீக்கடைப் பேச்சை எல்லோரும் கேட்கிற மாதிரி ஓடவிட்டார். 'ஸ்டூல் உனக்கு, ரூமும் உனக்கு' என்று ஒக்கட்டாவின் குரல் மண்டபத்தில் எதிரொலித்தது. அவரே தன் குரலைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "சொன்னது சொன்னதுதான்" என்றார். கோப்பையைக் கொடுக்கும்போது கையை மட்டும் கொஞ்சம் தாமதமாக எடுத்தார்.

வெளியே வரும்போது அவர் வேலம்மாவிடம் வெடித்தார். "அந்தச் சோதிடரை இன்னையோட நிறுத்து!"

"ஏன் நிறுத்தணும்? சனிக்கெழம கறுப்பு உங்களுக்கு ஆகாதுன்னாரு. ஆச்சா? ஆகலையே! மனுசன் அப்படியே புட்டுப்புட்டு வச்சிருக்காரு!"

அந்த வாரத்திலிருந்து சோதிடர் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

சுவரில் புது அறிவிப்பு வந்தது: லிஃப்ட்காரர் தொடர்வார், ஜெனரேட்டர் மொட்டை மாடிக்குப் போகும். எட்டு மாடி தூக்கிக்கொண்டு போனார்கள், கரண்ட் இல்லாததால். அங்கே அது டீசலுக்குக் காத்திருந்தது. ஜைனப் கோப்பையை அறையில் நிமிர்ந்து நிற்கும் அந்த ஒரே இடத்தில் வைத்தாள். காஜா அதை எடுத்து லிஃப்டுக்குள் மாட்டினார். குடையை மட்டும் ஆணியில் தொங்கவிட்டார்கள்.

"குடைய வேணும்னே விரிச்சியா புள்ளே?"

"நான் கம்பியைத்தான் பாத்தேன் மச்சான்."

செவ்வாய்க்கிழமை காலை கரண்ட் இல்லை. காஜா லிஃப்டுக்குள் உட்கார்ந்து, ஒன்பதாம் முறையாக நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்துக் கறையின் மேல் பேனாவால் குதிரையும் ராணியும் வரைந்துகொண்டிருந்தார். மேலேயிருந்து செருப்புச் சத்தம் ஆறு மாடி இறங்கி வந்தது. ஒக்கட்டா. கக்கத்தில் செஸ் பலகை.

"இன்னைக்குச் செவ்வாய், என் நாள். கறுப்பால எனக்கு ஒரு தோசமும் கிடையாது. சோதிடரைக் கேட்டுட்டேன்." லிஃப்டுக்குள் வந்து, கீழே குத்தவைத்து உட்கார்ந்தார். "நான் கறுப்பு. நீ வெள்ளை."

"ஒக்கட்டா, பெரியவங்க நீங்க..."

"அந்தக் கதையெல்லாம் வேணாம்."

"ஆனாடெயா..."

"எனக்கு இல்ல. எடு."

படியில் ஜைனப் பெருக்குவதை நிறுத்தினாள். இன்றைக்கு விரிக்க அவளிடம் குடை எதுவும் உதவாது. காஜாவின் கை ஒரு சிப்பாயின் மேல் போய், அடுத்த சிப்பாயின் மேல் போய், குதிரையின் மேல் போய்த் தயங்கி நின்றது.

தெருவில் திடீரென்று கூச்சல். பால்கனிக்குப் பால்கனி, "மீ லாபி! மீ லாபி!" கரண்ட் வந்துவிட்டது. லிஃப்டுக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தது. இதைவிட அழகான விளக்கைக் காஜா பார்த்ததில்லை. குதித்து எழுந்தார்.

"மேல போலாமா ஒக்கட்டா?"

"ஆட்டம்?"

"டூட்டி நேரமுங்க. உங்க கமிட்டிதானே வேலை கொடுத்திருக்கு."

பதிலுக்குக் காத்திராமல் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பினார். லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. ஒன்று. இரண்டு. ஒக்கட்டா பலகையை நெஞ்சோடு அணைத்து, உம்மென்று நின்றார். மூன்று. காஜா மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஒரு குலுக்கல். விளக்கு போயிற்று.

தெருவெல்லாம் ஒரே குரலில் பெருமூச்சு விட்டது. அப்புறம் சத்தமே இல்லை. எட்டாம் மாடியிலிருந்து யார் வீட்டுக் கருவாட்டுக் குழம்போ மெல்ல இறங்கி வந்தது. இருட்டில் ஒக்கட்டாவின் கைப்பேசி விளக்கு எரிந்தது. அவர் அவசரப்படாமல் ஸ்டூலை நடுவே இழுத்துப் போட்டார், அதன் மேல் பலகையை வைத்தார், காய்களை ஒவ்வொன்றாக அடுக்கினார்.

"இப்ப டூட்டி நேரம் இல்லையே, காஜா" என்றார். "எடு வெள்ளையை."